விமானத்தில் உலோகச் சோர்வு: யாழ்ப்பாணத்துப் பயணிகளும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள்

பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் நம்மவர்கள் விமானம் ஏறத் தொடங்கிய பிறகு, விமானப் பராமரிப்பில் வேலை செய்தவன் என்று அறிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் கூடிவிட்டன. கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறார்கள், கோயில் வீதியிலும் கேட்கிறார்கள். பல கேள்விகள் சுற்றிச் சுற்றி ஓரிடத்துக்கே வருகின்றன: “அந்த மெல்லிய தகடு எத்தனை காலத்துக்குத் தாங்கும்?” அவர்களுக்குச் சொன்னவற்றையும், சொல்ல நேரம் போதாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

உலோகச் சோர்வு என்றால் என்ன?

ஓர் உலோகப் பாகம் ஒரே தடவையில் எளிதாகத் தாங்கிவிடும் பாரம்தான். ஆனால் அதே பாரம் ஆயிரம், பத்தாயிரம், இலட்சம் தடவை ஏறி இறங்கும்போது எங்கோ ஒரு மூலையில் மயிரளவு விரிசல் பிறக்கிறது. ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வளர்கிறது. மிஞ்சியிருக்கும் உலோகம் பாரத்தைத் தாங்காத நாளில் பாகம் சட்டென்று முறிகிறது.

துவிச்சக்கரவண்டியின் பின்சில்லுக் கம்பி முறிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன நாளில் கம்பி முறியாது. வெறும் வண்டியில் கடைக்குப் போகும் ஒரு காலையில், குடத்தை ஒட்டி வளைந்திருக்கும் இடத்தில் முறியும். சில்லு சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவு ஒருமுறை இறுகி ஒருமுறை தளர்ந்திருக்கிறது. முறிவு அன்றைக்கு வந்ததே தவிர, அதன் தொடக்கம் பல மாதங்களுக்கு முந்தியது.

விமானம் பிறப்பதற்கு முன்பே இதை ரயில்காரர்கள் கண்டார்கள். 1842-இல் பிரான்சில் வெர்சாய் அருகே அச்சு முறிந்து நடந்த ரயில் விபத்து பொறியியலாளர்களை உலுக்கியது. அதன் பின்னர் ஜேர்மானியரான ஓகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பாரம் கொடுத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். பாரத்தின் அளவு மட்டுமல்ல, அது எத்தனை தடவை வந்து போகிறது என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று அவர் எண்களால் காட்டினார். உருக்கில் ஒரு நல்ல குணம் உண்டு. தகைப்பு, அதாவது உலோகத்தின் ஒரு சதுர அளவில் விழும் விசை, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், எத்தனை தடவை வந்தாலும் அது பெரும்பாலும் முறிவதில்லை. விமானத்துக்குப் பயன்படும் அலுமினியக் கலப்புலோகத்துக்கு அப்படியொரு தெளிவான எல்லை கிடையாது. சிறிய தகைப்பும் போதிய தடவை வந்தால் சோர்வைக் கொண்டுவரும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பல விடைகள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

பறக்கும் விமானத்தில் பாரம் எங்கிருந்து ஏறி இறங்குகிறது?

பல இடங்களிலிருந்து. இறக்கை தரையில் கீழ்நோக்கித் தொங்குகிறது, வானில் மேல்நோக்கி வளைகிறது. இறங்கும்போது சில்லுகளைத் தாங்கும் கால்கள் அடி வாங்குகின்றன. இயந்திரத்தின் சுழல் தட்டுகள் ஒவ்வொரு பறப்பிலும் நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்குப் போய்த் திரும்புகின்றன. ஆனால் பயணிகள் இருக்கும் உடற்பகுதிக்கு முதன்மையான பாரம் காற்றமுக்கம்.

விமானம் ஏறும்போது காது அடைக்கிறதல்லவா, அது உள்ளே அமுக்கம் மாறுவதன் அடையாளம். 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதன் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. நாம் மூச்சுவிட வேண்டுமென்பதற்காக உள்ளே ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் அரை வளிமண்டல அமுக்கம். அதாவது உடற்பகுதியின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஐந்து தொன் எடைக்குச் சமமான விசை உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிறது. பலாலிக்கு வரும் ஏ.ரி.ஆர் 72 போன்ற, வெளியே விசிறி சுழலும் விமானங்கள் இதைவிடத் தாழப் பறப்பவை, ஆகவே வித்தியாசமும் குறைவு. ஆனாலும் ஏறும் ஒவ்வொரு தடவையும் உடல் உப்புகிறது, இறங்கும் ஒவ்வொரு தடவையும் தளர்கிறது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உருளையின் தகட்டில் சுற்றுவாக்கில் வரும் தகைப்பு, அமுக்க வித்தியாசத்தை ஆரையால் பெருக்கித் தகட்டின் தடிப்பால் வகுத்தால் கிடைக்கும். 50 கிலோபஸ்கால், 1.9 மீற்றர், 1 மில்லிமீற்றர் என்று வையுங்கள். 95 மெகாபஸ்கால் வரும். அந்தக் கலப்புலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை 300-ஐ ஒட்டியது. மூன்றில் ஒரு பங்குதான், பயமில்லை என்று தோன்றும். இப்போது அதே தகட்டில், தகடுகளைப் பிணைக்கும் ஒரு தறையாணிக்காகத் துளை போடுங்கள். ஒரு திசையில் இழுக்கப்படும் தகட்டில் வட்டத் துளையின் ஓரத்தில் தகைப்பு மூன்று மடங்காகிறது. 95 என்பது 285 ஆகிவிட்டது. ஒரு விமானத்தில் இப்படிப்பட்ட துளைகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. உடற்பகுதியில் விரிசல் ஏன் பெரும்பாலும் தறையாணி வரிசையிலும் யன்னல் மூலையிலும் தொடங்குகிறது என்பதற்கு இந்தச் சிறு கணக்கே விடை.

பழைய விமானம் என்றால் ஆபத்தானதா? அது எத்தனை ஆண்டு பழையது என்று பார்த்து ஏறலாமா?

ஆண்டை மட்டும் பார்த்து அறிய முடியாது. உலோகச் சோர்வுக்குக் கணக்கு ஆண்டுமல்ல, பறந்த மணித்தியாலமுமல்ல. ஏறி இறங்கிய தடவைகள். அதைச் சுற்று என்கிறோம். கொழும்பிலிருந்து லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலம் பறக்கும் விமானத்துக்கு அது ஒரு சுற்று. சென்னையிலிருந்து பலாலிக்கு வந்து இறங்கும் சிறிய விமானத்துக்கும் அது ஒரு சுற்று. குறுந்தூரச் சேவையில் இருக்கும் விமானம் ஒரே நாளில் பல சுற்றுகளைச் சேர்த்துவிடும்.

வடிவமைக்கும்போதே இது கணக்கில் எடுக்கப்படுகிறது. நெடுந்தூரத்துக்கென்று உருவான போயிங் 747-க்கு வைத்த இலக்கு 20,000 சுற்றுகள், குறுந்தூரத்துக்கென்று உருவான போயிங் 737-க்கு 75,000. சிறிய விமானம் என்பதால் பலவீனமானது என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். சுற்றுக் கணக்கில் பார்த்தால் அது கூடுதலாகத் தாங்கும்படி கட்டப்பட்டது.

கொமெற் விமானங்களின் கதை என்ன?

உலகின் முதல் ஜெற் பயணிகள் விமானம் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் கொமெற். 1952 மே மாதம் சேவைக்கு வந்தது, அதே ஆண்டில் லண்டனிலிருந்து கொழும்புக்கும் பறந்தது. அந்தக் காலத்து மற்ற விமானங்களைவிட மிக உயரத்தில் பறந்ததால் அதன் உடலுக்குள் அமுக்க வித்தியாசமும் அதிகம்.

1954 ஜனவரி 10 அன்று ஒரு கொமெற் ரோமிலிருந்து புறப்பட்டு எல்பா தீவருகே வானில் சிதறியது. 35 பேர் இறந்தார்கள். சேவை நிறுத்தப்பட்டது. காரணம் அகப்படவில்லை. எனினும் பல திருத்தங்களைச் செய்துவிட்டு மார்ச் 23 அன்று மீண்டும் பறக்க விட்டார்கள். பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே இன்னொரு கொமெற் சிதறி 21 பேர் இறந்தார்கள். காரணம் அறியாமல் மீண்டும் பறக்க அனுமதித்த முடிவு எனக்கு இன்றும் நெஞ்சைச் சுடுகிறது.

அதன் பிறகு ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் சேர் ஆர்னல்ட் ஹோல் தலைமையில் நடந்த விசாரணை, விபத்து விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரியாக நிற்கிறது. பறந்து பழகிய ஒரு முழுக் கொமெற்றை இறக்கைகள் வெளியே நீட்டியிருக்க ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். உள்ளேயும் தண்ணீர். அமுக்கத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பறப்பைப் போலவே செய்தார்கள். ஏன் தண்ணீர்? காற்றை அடைத்துச் சோதித்தால் கிழியும் கணத்தில் விமானமே வெடித்துத் துண்டு துண்டாகிவிடும், எங்கே தொடங்கியது என்று தெரியாது. தண்ணீர் அமுங்காது, ஆகவே கிழிந்த இடத்தோடு நின்றுவிடும். உண்மையாகப் பறந்ததும் தொட்டியில் பறந்ததும் சேர்ந்து 3,000 சுற்றுகளைச் சற்றுத் தாண்டியபோது உடல் கிழிந்தது. தொடங்கிய இடம் ஒரு திறப்பின் மூலை. கடலடியிலிருந்து மீட்ட எல்பா விமானத்தின் கூரைத் துண்டிலும், வானொலிக் கருவிக்கான திறப்பின் மூலையில் சோர்வின் தடம் இருந்தது. “சதுர யன்னலால் விழுந்தது” என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிக் கதை.

மீதிக் கதைதான் பொறியியல் மாணவர்கள் படிக்க வேண்டியது. விமானத்தைக் கட்டியவர்கள் சோதிக்காமல் விட்டவர்கள் அல்லர். உடலின் ஒரு பகுதியை அவர்களும் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சோதித்தார்கள், அது ஏறக்குறைய 16,000 சுற்றுகள் தாங்கியது. ஆனால் அதே துண்டை அதற்கு முன்னரே, பலம் பார்ப்பதற்காக, வழமையான அமுக்கத்தின் இரு மடங்குக்கு ஏற்றியிருந்தார்கள். அந்தப் பெரும் பாரத்தில் மூலைகளில் இருந்த உலோகம் சற்றே நீண்டு, பாரம் இறங்கியதும் அழுத்தப்பட்ட நிலையில் நின்றுவிட்டது. அப்படி அழுத்தப்பட்டிருக்கும் உலோகத்தில் விரிசல் எளிதில் பிறக்காது. சோதனைத் துண்டுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, பயணிகளை ஏற்றிய விமானங்களுக்குக் கிடைக்கவில்லை. எல்பா விமானம் 1,290 பறப்புகளில் போனது, நேப்பிள்ஸ் விமானம் 900-இல் போனது.

அப்படியானால் இன்றைய விமானங்களில் விரிசலே வராதபடி செய்துவிட்டார்களா?

இல்லை. செய்ய முடியாது என்று ஏற்றுக்கொண்டார்கள். பயணிகளுக்கு இதைச் சொன்னால் முகம் மாறும், ஆனாலும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் இன்றைய விமானத்தின் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒப்புக்கொள்ளலின் மேல் நிற்கிறது.

முதலில் இருந்த வழி, ஒரு பாகத்துக்கு இத்தனை சுற்று என்று எழுதிவைத்து, அந்த எண் வந்ததும் நல்ல நிலையில் இருந்தாலும் எறிந்துவிடுவது. இயந்திரத்தின் சுழல் தட்டுகளுக்கும் இறங்கு கால்களுக்கும் இன்றும் அதுவே முறை. இரண்டாவது, ஒன்று முறிந்தால் பக்கத்தில் இருப்பது பாரத்தை ஏற்கும்படி கட்டுவது. அது நல்ல வழிதான், ஆனால் முதலாவது முறிந்தது எவருக்கும் தெரியாவிட்டால் பயனில்லை. 1977-இல் சாம்பியாவின் லுசாக்காவில் ஒரு போயிங் 707 சரக்கு விமானத்தின் வால் இறக்கை முறிந்து விழுந்தபோது அது நிரூபணமாயிற்று.

அதன் பின் 1978-இல் அமெரிக்க விதிகளில் வந்த மாற்றத்தைத்தான் நான் இந்தத் துறையின் மிகப் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன். விரிசல் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கு என்பதே அந்த விதியின் சாரம். கருவிக்குத் தெரியக்கூடிய மிகச் சிறிய விரிசல் எவ்வளவு? முறிவைக் கொண்டுவரும் நீளம் எவ்வளவு? முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வளர எத்தனை சுற்று எடுக்கும்? அந்த இடைவெளிக்குள் குறைந்தது இரண்டு தடவையாவது பார்த்துவிடும்படி பரிசோதனைக் காலத்தை வை. ஒரு தடவை கண்ணுக்குத் தப்பினாலும் அடுத்த தடவை பிடித்துவிடலாம்.

இதோடு விரிசலைத் தாமதப்படுத்தும் வேலைகளும் நடக்கின்றன. யன்னல்களின் மூலைகள் வளைக்கப்பட்டுள்ளன. சிறு உருண்டைகளை மேற்பரப்பில் மழையாக அடித்து உலோகத்தின் தோலை அழுத்தி வைக்கிறார்கள். துளைகளுக்குள் சற்றே பெரிய ஊசியை இழுத்து ஓரத்தை இறுக்குகிறார்கள். கொமெற் சோதனைத் துண்டை ஏமாற்றும்படி காப்பாற்றிய அதே விளைவு இங்கே வேண்டுமென்றே, ஒவ்வொரு விமானத்திலும், நன்மைக்காகச் செய்யப்படுகிறது.

எங்கள் விமான நிலையம் கடலோரத்தில் இருக்கிறது. உப்புக்காற்று சோர்வைக் கூட்டுமா?

கூட்டும். காங்கேசன்துறைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கறளைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அலுமினியம் இரும்பைப்போல் கறள் பிடிக்காது, ஆனால் உப்பும் ஈரமும் சேர்ந்தால் சிறு குழிகளாக அரிபடும். ஒவ்வொரு குழியும் விரிசலுக்கு ஒரு தொடக்க இடம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பொருத்துக்குள் ஈரம் புகுந்தால் அரிப்பின் பொருமல் தகடுகளையே விலக்கித் தள்ளும்.

இதற்கு உலகமறிந்த எடுத்துக்காட்டு ஹவாய்த் தீவுகளில் நடந்தது. 1988 ஏப்ரல் 28 அன்று அலோகா விமான நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் பறந்தது. 24,000 அடியில் அதன் முன்பகுதிக் கூரை ஏறக்குறைய 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போயிற்று. பயணிகள் திறந்த வானத்தின் கீழ் இருக்கைப் பட்டியோடு இருந்தார்கள். நடைபாதையில் நின்று பணிசெய்துகொண்டிருந்த கிளாராபெல் லான்சிங் என்ற பணிப்பெண் காற்றோடு இழுபட்டு இறந்தார். விமானிகள் பக்கத்துத் தீவான மாவியில் அந்த விமானத்தைப் பத்திரமாக இறக்கியதால் மற்ற 94 பேரும் உயிர் தப்பினார்கள்.

அந்த விமானத்துக்கு 19 வயது. பறந்தது 35,496 மணித்தியாலங்கள், சுற்றுகள் 89,680. வகுத்துப் பாருங்கள், ஒரு பறப்புக்குச் சராசரி 24 நிமிடம்! தீவுக்குத் தீவு தாவும் சேவை, நாள் முழுவதும் உப்புக்காற்று. தொடக்க கால 737-களில் தகட்டுப் பொருத்துகளை ஒட்டிய பசை ஈரத்தால் விட்டுப்போனது. பசை ஏற்க வேண்டிய பாரம் தறையாணிகளுக்கு வந்தது. ஒரு துளையில் ஒரு நீண்ட விரிசல் என்றில்லாமல், அடுத்தடுத்த துளைகளிலெல்லாம் கண்ணுக்குத் தப்பும் சின்னச் சின்ன விரிசல்கள் பிறந்து, ஒருநாள் ஒன்றோடொன்று கைகோத்துவிட்டன. ஒற்றை விரிசலை எதிர்பார்த்து வைத்த தற்காப்பு இந்தக் கூட்டத்துக்கு முன்னால் நிற்கவில்லை. பின்னர், 2010-இல், ஒவ்வொரு பெரிய விமான வகைக்கும் இத்தனை சுற்றுக்கு மேல் பறக்கவே கூடாது என்ற மேலெல்லை அமெரிக்க விதியாக வந்தது.

கடலோர விமானங்களைக் கழுவுவது அழகுக்காக அல்ல என்பது இப்போது விளங்கும். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்து, பொருத்துகளில் அரிப்புத் தடுப்புப் பூச்சு அடிப்பது சோர்வைத் தள்ளிப்போடும் வேலை.

விரிசலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் கண்ணால். ரோச் வெளிச்சமும் சிறு கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் பிடித்து, துடைத்துச் சுத்தமாக்கிய தகட்டில் ஒவ்வொரு வரிசையாகப் பார்ப்பது. வெளிச்சத்தை நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது, தகட்டோடு சாய்த்து அடிக்க வேண்டும். தறையாணியின் பின்னால் காற்று ஓடும் திசையில் கரும்புகைபோல ஒரு தடம் இருந்தால் அந்த ஆணி தளர்ந்து உரசுகிறது என்று பொருள். பூச்சில் மெல்லிய கோடு, ஆணித் தலைகளுக்கிடையே தகடு மெத்தையைப்போல் எழும்புவது, எண்ணெய்க் கசிவு, பழுப்புக் கறை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு செய்தி. பெரிய பரிசோதனைகளில் இருக்கைகளையும் தரைப்பலகைகளையும் கழற்றுவார்கள். கழிப்பறைக்கும் சமையற்பகுதிக்கும் கீழேதான் அரிப்பு மோசமாக இருக்கும். பயணிகள் சிந்திய தேநீரும் கோப்பியும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

கண்ணுக்கு எட்டாததற்குக் கருவிகள் உண்டு. சுழிப்போட்டச் சோதனையில் ஒரு சிறு சுருளைத் தகட்டின் மேல் நகர்த்துவார்கள், விரிசல் மின்னோட்டத்தின் பாதையைக் குலைப்பதால் திரையில் கோடு துள்ளும். மேல் தகட்டுக்குக் கீழே மறைந்திருப்பதையும் இது ஓரளவு காட்டும். தடித்த பாகங்களுக்கு மீயொலி. கழற்றக்கூடிய பாகங்களை ஒளிரும் சாயத்தில் தோய்த்துத் துடைத்துப் புற ஊதா வெளிச்சத்தில் பார்ப்பார்கள், விரிசலுக்குள் புகுந்த சாயம் பச்சையாக மின்னும். உருக்குப் பாகங்களுக்குக் காந்தத் துகள்.

எந்தக் கருவியானாலும் பிடிப்பது ஒரு மனிதன். பெரும்பாலும் இரவில், கூரையோடு ஒட்டிய மேடையில், ஆயிரமாவது ஆணியைப் பார்த்துக்கொண்டிருப்பவன். முந்திய 999-இலும் ஒன்றும் இருக்கவில்லை என்பது அவனுக்குப் பெரிய சோதனை. பரிசோதகர்களுக்கு ஓய்வு கொடுப்பதும், “இதை இன்றைக்குப் பறக்க விட மாட்டேன்” என்று அவர் சொன்னால் மேலதிகாரி முகம் சுளிக்காமல் இருப்பதும் சுழிப்போட்டக் கருவிக்குச் சமமான பாதுகாப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழுதுபார்த்த விமானத்தை நம்பலாமா?

முறைப்படி பழுதுபார்த்ததை முழுமையாக நம்பலாம். முறை பிசகிய பழுது, பழைய விமானத்தைவிட ஆபத்தானது.

1978-இல் ஒசாக்காவில் ஒரு ஜப்பானிய 747 இறங்கும்போது வால் தரையில் மோதியது. உடலின் பின்முனையில் அமுக்கத்தைத் தாங்கும் பெரிய கிண்ணச் சுவரைத் திருத்தினார்கள். இரண்டு பாதிகளையும் இணைக்க ஒரே துண்டாக வைக்க வேண்டிய தகட்டை இரண்டாக வெட்டி வைத்ததால், இரு வரிசைத் தறையாணி தாங்க வேண்டிய பாரம் ஒரு வரிசையில் விழுந்தது. வெளியே எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. ஏழு ஆண்டு பறந்தது. 1985 ஓகஸ்ட் 12 அன்று சுவர் கிழிந்து, வால் செங்குத்து இறக்கையையும் விமானத்தைத் திருப்ப உதவும் எல்லா நீரியல் குழாய்களையும் கொண்டுபோயிற்று. 520 பேர் இறந்தார்கள், நால்வர் மட்டும் தப்பினார்கள். தனியொரு விமானத்தில் இவ்வளவு உயிர் போன விபத்து வேறில்லை.

தாய்வானின் 747 ஒன்றும் இதே பாதையில் போனது. 1980-இல் ஹொங்கொங்கில் வால் உரசியது. கீறல் பட்ட தகட்டை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே ஒட்டுத் தகடு வைத்தார்கள், அதுவும் கீறல் முழுவதையும் மூடவில்லை. கீறல்கள் உள்ளே விரிசலாக வளர, மேலே இருந்த தகடு அதைப் பார்வையிலிருந்து மறைத்தது. 22 ஆண்டு கழித்து, 2002 மே 25 அன்று, விமானம் வானில் உடைந்து 225 பேர் இறந்தார்கள்.

ஒரு கத்திக் கீறலைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது. பழைய பூச்சையும் பசையையும் சுரண்டக் கூரிய உலோகக் கருவியைப் பயன்படுத்தியதால் பல 737-களில் பொருத்து நெடுகக் கீறல் விழுந்து விரிசலான வரலாறு உண்டு. அதற்கு மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ ஆன சுரண்டிதான் எடுக்க வேண்டும்.

இயந்திரத்தில் சோர்வு வந்தால்?

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிற்றியில் விழுந்த டி.சி-10 இதற்குப் பாடம். நடு இயந்திரத்தின் முன்விசிறித் தட்டு டைற்றேனியத்தால் ஆனது. உலோகத்தை உருக்கி வார்த்தபோதே உள்ளே புகுந்த ஒரு சிறு குறையிலிருந்து விரிசல் வளர்ந்தது. அந்தத் தட்டின் எல்லை 18,000 சுற்றுகள், உடைந்தது 15,503-இல். கடைசிப் பரிசோதனையில் அந்த விரிசல் பிடிபட்டிருக்க வேண்டிய அளவில் இருந்தது, ஆனால் பிடிபடவில்லை. எல்லை எண்ணை எட்டாதது நல்ல நிலைக்கு அத்தாட்சி அல்ல. உருக்கி வார்க்கும் முறை அதன் பின் கடுமையாக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் பலாலிக்கு வந்த டக்கோட்டா விமானங்கள் பல பத்தாண்டு ஓடினவே?

ஓடின. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது டக்கோட்டாவில்தான். அந்த விமானத்தின் உடலுக்குள் அமுக்கம் ஏற்றப்படுவதில்லை. தாழப் பறக்கும், உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்று. ஆகவே உடல் உப்பித் தளரும் சோர்வு அதற்கு இல்லை.

ஆனால் இறக்கைக்கு விலக்கில்லை. 1947-இல் கட்டிய, அமுக்கம் ஏற்றப்படாத ஒரு மல்லார்ட் கடல் விமானம் 2005 டிசம்பரில் மியாமி கரையோரத்தில் இறக்கை முறிந்து விழுந்து 20 பேர் இறந்தார்கள். அந்த இறக்கையில் எரிபொருள் மீண்டும் மீண்டும் கசிந்தது, மீண்டும் மீண்டும் பசை வைத்து அடைத்தார்கள். கசிவுக்குக் காரணம் உள்ளே வளர்ந்துகொண்டிருந்த விரிசல்.

விமானம் காற்றில் பலமாகக் குலுங்கினால் விரிசல் வருமா?

ஒரு குலுக்கலால் வராது. எதிர்பார்க்கும் மிகப் பெரிய பாரத்தின் ஒன்றரை மடங்கைத் தாங்கும்படி கட்டுகிறார்கள். கடுமையான குலுக்கலுக்கும் கனத்த இறக்கத்துக்கும் பிறகு தனிப் பரிசோதனை செய்த பின்னரே மறுபடி பறக்க விடுவார்கள். இறக்கை நுனி ஆடுவதைக் கண்டு பயப்படாதீர்கள், வளையும்படிதான் அது செய்யப்பட்டது.

புதிய விமானங்கள் கார்பன் நாரால் ஆனவை. பிரச்சினை தீர்ந்ததா?

போயிங் 787-இலும் எயார்பஸ் ஏ350-இலும் கட்டமைப்பு எடையில் பாதியளவு கார்பன் நார்க் கலவை. அது அரிபடாது, சோர்வையும் நன்றாகத் தாங்கும். அதனால்தான் 787-இல் உள்ளே கூடுதல் அமுக்கம் வைக்க முடிகிறது, நீண்ட பயணத்தில் உடம்புக்கும் சுகம். ஆனால் சாமான் வண்டி ஒன்று இடித்தால் வெளியே தடம் தெரியாமலே உள்ளே நார் அடுக்குகள் பிரிந்துபோகலாம். இடித்தவர் உடனே சொல்ல வேண்டும். இறங்கு கால்களும் இயந்திரத் தட்டுகளும் இன்னமும் உலோகம்தான்.

பயணிகள் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். அலோகா விமானத்தில் ஏறும்போது கதவருகே தறையாணி வரிசையில் ஒரு விரிசலை ஒரு பயணி கண்டிருந்தார். அவர் எவரிடமும் சொல்லவில்லை. நமக்கென்ன தெரியும், அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு, எங்கள் ஊரில் அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். கூச்சப்படாமல் பணியாளரிடம் சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள். பூச்சு உரிந்திருப்பதும் வெள்ளி நிற நாடா ஒட்டியிருப்பதும் வழமை, ஆபத்தில்லை. ஆனால் எது வழமை, எது விரிசல் என்று தீர்மானிப்பது உங்கள் பொறுப்பல்ல. சொல்வது மட்டும் போதும்.

“தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம்” என்று அறிவித்தால் கோபப்படவும் வேண்டாம். யாரோ ஒருவர் எதையோ கண்டு, பறக்க விட மறுத்திருக்கிறார்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும்?

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலோ உலோகம் போன்ற பொருட்களின் இயல்புகள் பற்றிய பொறியியலோ படிப்பது. எங்கள் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. மற்றது, விமானப் பராமரிப்புப் பயிற்சி பெற்று, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பரீட்சைகளை எழுதி உரிமம் எடுப்பது. அதற்குப் பாடத்தோடு பட்டறை அனுபவமும் கட்டாயம். ஆங்கிலக் கையேட்டை ஒரு சொல்லும் தவறாமல் வாசிக்கப் பழகுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று. சோர்வைப் படிக்க விமானம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். குருநகரிலோ மயிலிட்டியிலோ படகு இயந்திரம் திருத்தும் பட்டறைக்குப் போய், முறிந்த தண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முறிந்த இரு முகங்களையும் ஒன்றோடொன்று உரசாதீர்கள், தடம் அழிந்துவிடும். மண்ணெண்ணெயில் மெதுவாகக் கழுவிச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மழமழப்பான பகுதியில் வளைகோடுகள் தெரிந்தால் அவை எந்தப் புள்ளியைச் சுற்றி விரிகின்றன என்று தேடுங்கள், விரிசல் பிறந்த இடம் அதுதான். பெரும்பாலும் அங்கே ஒரு சாவிப் பள்ளமோ, திருகுப் புரியின் அடியோ, யாரோ போட்ட கீறலோ இருக்கும். கரடுமுரடான பகுதி கடைசிக் கணத்தில் முறிந்தது. அது சிறிதாக இருந்தால் தண்டு குறைந்த பாரத்தில் நெடுங்காலம் ஓடியிருக்கிறது, பெரிதாக இருந்தால் பாரம் கூடுதலாக இருந்திருக்கிறது. பார்த்ததைப் படம் வரைந்து, அந்தத் தண்டு என்ன வேலை செய்தது, எவ்வளவு காலம் ஓடியது என்று பட்டறைக்காரரிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.